இரண்டு ஓம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் கதைக்கும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர் சும்மா இருக்கக் கூடாது. இடைக்கிடை ஓம் போட வேண்டும். போடாவிட்டால் கதைப்பவருக்கு முகம் கறுத்துவிடும். "கேக்கிறியா, இல்லியா?" என்பார். அந்த ஓம் சம்மதம் அல்ல. காது இங்கேதான் இருக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். சம்மதத்துக்கும் எங்களிடம் ஓம்தான். எது எந்த ஓம் என்பது முகத்தைப் பார்த்தால் தெரியும். தொலைபேசியில் முகம் தெரியாது.

நான் விமானக் கட்டுப்பாட்டாளன். ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை. வேலை நாட்டின் மறுகரையில், ஜன்னல் இல்லாத ஒரு ராடர் அறையில். இறங்க வரும் விமானங்களை வரிசைப்படுத்தி அனுப்புவது என் பொறுப்பு. கட்டுப்பாட்டுக் கோபுரத்து உச்சிக் கண்ணாடி அறையிலிருந்து, புறப்படும் விமானங்களை விடுவது என் நண்பன் ஒருவனின் பொறுப்பு. அவன் ஊர் பக்கத்துப் பாண்டிருப்பு. இரண்டு வீட்டுக்கும் இடையில் சைக்கிளில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனாலும் நாங்கள் முதன்முதல் கதைத்தது கோபுரத்துக்கும் ராடர் அறைக்கும் இடையிலான நேரடித் தொலைபேசியில்தான்.

ஒரு விமானத்தை விடுமுன் அவன் என்னிடம் கேட்க வேண்டும். நான் அனுமதி தர வேண்டும். தந்ததை அவன் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில், விதித்த சொற்களில். முதல் மாதம் அப்படித்தான் செய்தோம். பிறகு மெல்லத் தமிழ் நுழைந்தது.

"மச்சான், உடவா?"

"ஓம், உடு."

ஆறு வருடம் இப்படியே போனது. ராடர் அறையில் என்னோடு தமிழ் கதைக்க வேறு ஒருவரும் இல்லை. மனைவி பிள்ளைகள் ஊரில், நான் வாடகை அறையில். சில நாள் அவன் குரலுக்காகவே வேலைக்குப் போனேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அன்று மாரி மழை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, இறங்க வந்த ஒரு விமானம் மேகத்துக்குப் பயந்து வடக்கே விலக அனுமதி கேட்டது. ஒரு காதில் அந்த விமானி. மறு காதில் அவன்: "மச்சான், இந்தச் சின்னப் பிளேன வடக்கால உடுறன், என்ன?" எனக்கு மூக்கு நுனியில் கோபம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால் தாங்காது. "ஓம், ஓம்" என்றேன். கேட்கிறது, கொஞ்சம் பொறு என்பதுதான் அதன் அர்த்தம். பொறு என்ற சொல்லை நான் சொல்லவில்லை.

அவன் விட்டான். இறங்க வந்ததை நானும் அதே வடக்கே விலக விட்டிருந்தேன். சற்று நேரத்தில் என் திரையில் இரண்டு புள்ளிகள் ஒரே உயரத்தில் ஒன்றையொன்று நோக்கி வந்தன. விமானியிடம் கத்தி, அவரைத் திருப்பினேன். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிரிந்தன. மேகத்துக்கு விலகிய விமானி, "மற்றதன் சக்கரங்களைப் பார்த்தோம்" என்றார். பயணிகளுக்கு எதுவும் தெரிந்திராது. பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். மேசையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. என் ஓமை மொழிபெயர்ப்பாளர் சம்மதம் என்று எழுதியிருந்தார். நான் எழும்பி, அது எங்கள் ஊரில் கேட்டுக்கொண்டிருப்பவர் போடும் சத்தம், அனுமதி அல்ல என்றேன். உண்மைதான். தலைவர் அவன் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். ஆறு வருடமாக இதே ஓமை வைத்துத்தான் விமானங்களை விட்டோம் என்று அவன் ஒரு வசனம் சொல்லியிருந்தால் நானும் மாட்டியிருப்பேன். அவன் சொல்லவில்லை. "அப்படித்தான்" என்று மட்டும் சொன்னான். அனுமதி இல்லாமல் விட்ட குற்றம் அவன்மீது விழுந்தது. உரிமத்தை நிறுத்தி, அவனைக் கோப்பு அறைக்கு அனுப்பினார்கள். அவன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான்.

கோபுரத்திலிருந்து வேறொரு குரல் வரத் தொடங்கியது. பிழையே இல்லாத ஆங்கிலம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடத் தனிமையாக இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது மூன்று நாள் தள்ளிப்போட்டு, நாலாம் நாள் பாண்டிருப்புக்குப் போனேன். அவன் முற்றத்தில் கதிரை எடுத்துப் போட்டான். அவன் மனைவி பிளேன்டீ வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் உள்ளே போனார்.

"நான் பொய் சொல்லல்ல மச்சான்" என்றேன்.

"ஓம்."

"அந்த நேரம் நான் கேட்டுட்டுத்தான் இருந்தன். உடச் சொல்லல்ல."

"ஓம்."

எனக்கு நெஞ்சு இலேசானது. தேநீரை எடுத்துக் குடித்தேன். அப்போதுதான் அவன் கேட்டான்: "இப்ப ரெண்டு தரம் ஓம் எண்டு சொல்லிட்டன். அத நீ என்னெண்டு எடுத்த?"

இரண்டையும் நான் சம்மதம் என்றுதான் எடுத்திருந்தேன். அன்று அவன் எடுத்த மாதிரியே.

அந்தக் கிழமை முடியுமுன் விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஆறு வருடமாக அதே சொல்லால்தான் அனுமதி கொடுத்தேன், அதை அவன் அனுமதி என்று எடுத்தது நியாயம், விதியை மீறியது இருவரும் என்று எழுதினேன். என் உரிமத்தையும் நிறுத்தினார்கள். ஊர்ப் பள்ளியில் பகல் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தால், "லீவு இன்னும் முடியல்லியா?" என்று கேட்பார்கள். ஓம் என்பேன். பல மாதம் கழித்து இருவரும் புதிதாகப் பரீட்சை எழுதித் தேறினோம். அவன் கோபுரத்துக்குப் போனான், நான் ராடர் அறைக்கு.

இப்போது அவன் ஆங்கிலத்தில் கேட்கிறான். நான் ஆங்கிலத்தில் அனுமதி தருகிறேன். அவன் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்கிறான். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. பயணிகளுக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறு இல்லை.

நேற்று அவன் திருப்பிச் சொல்லி முடித்த பிறகும் நான் வைக்கவில்லை. "மச்சான், கேக்கிறியா?" என்றேன்.

அவன் மூச்சுவிடுவது கேட்டது. ஓம் வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டான்.