மடங்கிப்போன கண்ணாடி

வேனின் பக்கக் கண்ணாடி முழங்கையில் இடித்தபோது அவளுக்கு முதலில் கேட்டது சத்தம்தான். வலி பிறகு வந்தது. சைக்கிள் நடுரோட்டில் கிடந்தது. அவள் ஓரத்து நடைபாதை மேல் மல்லாந்து கிடந்தாள். மார்போடு வார் போட்டுக் கட்டியிருந்த நீலப் பெட்டியை இரண்டு கைகளும் கட்டிப் பிடித்திருந்தன. விழும்போது தலையைக் காப்பாற்றத் தோன்றவில்லை, பெட்டியைக் காப்பாற்றத்தான் தோன்றியது. தலைக்கு ஹெல்மெட் இருந்தது.

தூறல் விழுந்துகொண்டிருந்த காலை. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் குடையை விரிக்கக்கூட மறந்து ஓடி வந்தார்.

"அதோ, சிக்னல்ல நிக்கிறான் பாருங்க! வெள்ளை வேன்! எழுந்திரிங்க, இப்பப் போனா பிடிச்சிடலாம்!"

அவள் ஒரு கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். எழுந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே பத்து முறை மூச்சு விட்டாள். பிறகு பெட்டியைத் திறந்தாள்.

"அட, அடிச்சவன் தப்பிச்சுப் போறான். நீங்க என்னம்மா டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறீங்க?"

"டிபன் இல்லைங்க. ரத்தம்."

கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

சிக்னல் பச்சையானது. வேன் போய்விட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான்கு சிறிய கிளினிக்குகளில் எடுக்கும் ரத்த மாதிரிகளைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. மார்க்கெட்டை ஒட்டிய சந்துகளில் பைக் நுழைவதற்குள் சைக்கிள் போய்த் திரும்பிவிடும். பெட்டியை அவள் கேரியரில் வைப்பதில்லை. கேரியரில் வைத்தால் ரோட்டின் பள்ளமெல்லாம் பெட்டிக்குள் இறங்கும்; உடம்போடு கட்டிக்கொண்டால் அதிர்வை முழங்கால்கள் வாங்கிக்கொள்ளும். பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் அவளை 'ஐஸ்பெட்டி' என்பார்கள். பெட்டிக்காகப் பாதி, குணத்துக்காகப் பாதி.

அந்தக் குணம் பிறவியிலேயே வந்ததில்லை. எட்டு வருடங்களுக்கு முன் ஒரு கார் அவள் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. அவள் விடவில்லை. பெட்டி குலுங்கக் குலுங்க மிதித்துத் துரத்தி, அடுத்த திருப்பத்தில் பிடித்து, பானெட்டில் தட்டி, வாயில் வந்ததையெல்லாம் கேட்டாள். வென்ற சந்தோஷத்தோடு போய்ப் பெட்டியை இறக்கினாள். குழாய்களை இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றி எடுத்தால் ரத்தம் அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளிந்து நிற்க வேண்டும். அன்றைக்கு ஆறு குழாய்களில் அது இளஞ்சிவப்பாக நின்றது. குலுக்கலில் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன. ஆறு பேரிடம் மறுபடியும் எடுக்க வேண்டும். டெக்னீஷியன் திட்டவில்லை. "நாளைக்குக் கிளினிக்ல போய்ப் பக்கத்துல நில்லுங்க" என்று மட்டும் சொன்னார். அவள் நின்றாள். நரம்பு அகப்படாத ஒரு பெரியவரை நான்கு இடத்தில் குத்தினார்கள். "நேத்துதானேம்மா குடுத்தேன்?" என்று அவர் யாரையும் குறை சொல்லாமல் கேட்டார்.

அன்றிலிருந்து அவள் இரண்டு விதிகள் வைத்துக்கொண்டாள். எவன் உரசிப் போனாலும் இறங்கிப் பத்து மூச்சு. வண்டி ஓட்டுகிறவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. சக்கரத்தை மட்டும் பார்ப்பது. முகத்தைப் பார்த்தால்தான் கோபம் வரும், சக்கரத்தின் மேல் யாருக்குக் கோபம் வரும் என்பாள். அவளை நிதானமானவள் என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கோபத்தை வெல்வது வேறு, கோபப்படவேண்டிய ஆளையே பார்க்காமல் இருந்துவிடுவது வேறு. எட்டு வருடமாக ஒரு குழாய்கூடக் கெட்டுப்போகாததால், இந்த வித்தியாசம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்று காலை பெட்டிக்குள் பதினான்கு குழாய்கள் இருந்தன. அதில் ஒன்று சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வெளிச்சம் படாமல் இருக்க அலுமினியத் தாளில் சுற்றியது. பிறந்து மூன்று நாளான குழந்தையின் ரத்தம். மஞ்சள் காமாலை எவ்வளவு என்று உடனே தெரிய வேண்டும். குதிகாலில் குத்தி, பிழிந்து பிழிந்து, அந்தச் சொட்டுகளைச் சேர்க்க நர்ஸுக்குக் கால் மணி நேரம் ஆனது. குழந்தை அழுது அழுது குரல் போய், கடைசியில் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது.

அதன் அம்மா கட்டிலில் இருந்தபடியே இவள் கையைப் பிடித்தாள். "மறுபடி குத்த மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா. நான் பத்திரமா சேர்த்துடுவேன்."

இப்போது நடைபாதையில் உட்கார்ந்து அவள் தேடியது அந்த வெள்ளித் தாளைத்தான். மூடி இறுக்கமாக இருந்தது. தாள் கிழியவில்லை. ஆனால் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பது சுழற்றினால்தான் தெரியும். சைக்கிளின் ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அதை ஜெராக்ஸ் கடையிலேயே விட்டுவிட்டு, வீங்கத் தொடங்கிய முழங்கையால் பெட்டியை அணைத்தபடி நடந்தாள். வேகமாக நடந்தாலும் குலுங்கும், மெதுவாக நடந்தாலும் நேரம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நடை இருந்தது. இருபத்தைந்து நிமிடம் அதே நடை.

டெக்னீஷியன் அவளைப் பார்த்ததும், "என்ன ஆச்சு?" என்றார்.

"வழுக்கிடுச்சு. முதல்ல இந்தச் சின்னதைப் போடுங்க."

இயந்திரம் சுழன்று நிற்கும் வரை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டெக்னீஷியன் குழாயை விளக்கின் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல மஞ்சள். சிவப்பே இல்ல. நீங்க உக்காருங்க."

அதற்குப் பிறகுதான் அவள் சுவரை விட்டாள்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடமும் வழுக்கியது என்றே சொன்னாள். அவர் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். ஒரு சின்ன ஸ்குரூவை வெளிச்சத்தில் பிடித்தபடியே, "உனக்கா? எட்டு வருஷமா வழுக்காத ரோடு இன்னிக்கு மட்டும் வழுக்குதா?" என்றார். அவள் முழுக்கை ரவிக்கையின் கையை, முழங்கையில் போட்டிருந்த கட்டின் மேல் இழுத்துவிட்டாள்.

மாடி வீட்டில் இருக்கும் தம்பி சாப்பிட வந்தான். பார்சல் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மனைவி ஊருக்குப் போயிருப்பதால் இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இன்னிக்கு ஒரு கூத்து கேளுங்க. காலைல லேட்டாயிடுச்சு, மேனேஜர் போன்ல கத்திக்கிட்டே இருக்கான். முன்னாடி ஒரு சைக்கிள். மழைக்கோட்டு, ஹெல்மெட், ஏதோ நிலாவுக்குப் போற மாதிரி. என்னமோ தேர் இழுக்குற மாதிரி போகுது. ஹாரன் அடிச்சேன், ஒதுங்கல. சரின்னு ஒரு ஓரமா நுழைஞ்சேனா, டக்குன்னு ஒரு சத்தம்!"

கணவரின் கை ஸ்குரூவோடு அப்படியே நின்றது.

"இடிச்சுட்டியா?"

"இடிக்கிறதாவது! கண்ணாடி லேசாப் பட்டுச்சு, அவ்வளவுதான். சிக்னல்ல திரும்பிப் பார்க்கலாம்னா, கண்ணாடி உள்பக்கமா மடங்கிப் போச்சு மாமா. அதுல என் மூஞ்சிதான் தெரியுது!" என்று அவன் மறுபடி சிரித்தான். "தலை கலைஞ்சிருந்தது. சீவிக்கிட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இவன் ஐந்து வயதில் சைக்கிள் பழகியபோது பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் அவள்தான். அந்தச் சிரிப்பையும் அவளுக்குத் தெரியும். சைக்கிளோடு பக்கத்து வீட்டுக் கதவில் மோதிவிட்டு வந்து சிரித்த அதே சிரிப்பு.

"ஆளு எழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"எழுந்திருக்கும்க்கா. சத்தம் எதுவும் வரலையே. ஏதாவது ஆகியிருந்தா துரத்திக்கிட்டு வந்திருப்பாங்கல்ல?"

அவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். கட்டுக்கு வெளியே தோல் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. கையை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தம்பியின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அணைக்க ஆளில்லாத வீட்டில் எரியும் விளக்கு மாதிரி கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவன் கட்டைப் பார்த்தான். ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்தான்.

"அக்கா... நீன்னு தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சிருந்தா தள்ளிப் போயிருப்பேனே!"

அவன் அதைச் சமாதானமாகத்தான் சொன்னான். அவளுக்கோ காலையில் விழுந்ததை விட அதுதான் பலமான அடியாக இருந்தது. தள்ளிப் போக இவனுக்குத் தெரியும். ரோட்டில் இடமும் இருந்தது. அக்காவுக்கு இருந்த இடம் மழைக்கோட்டுக்கு இல்லாமல் போய்விட்டது.

"நானும் உன் மூஞ்சியைப் பார்க்கலடா" என்றாள். "இருபதடி தூரத்துல நின்னே. ஒரு ஆளு கை காட்டிச் சொன்னாரு. நான் திரும்பல."

"ஏன்க்கா?"

அவள் மூச்சை எண்ணத் தொடங்கினாள். ஏழாவதில் எண்ணிக்கை நின்றுவிட்டது. எட்டு வருடத்தில் எத்தனை பேர் அவளை உரசிவிட்டு, இப்படி எங்கேயோ ஒரு சாப்பாட்டு மேசையில் கதை சொல்லிச் சிரித்திருப்பார்கள்! ஏதாவது ஆகியிருந்தால் துரத்தி வந்திருப்பாங்கல்ல என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். அவள் வாயைத் திறக்காததுதான் அவர்களுக்கெல்லாம் சாட்சி.

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி எழுந்து போகும்போது, கட்டைத் தொடலாமா என்பது போலக் கையை நீட்டி, தொடாமலே போனான்.

நான்கு நாள் கழித்து ஹேண்டில் நிமிர்ந்து வந்தது. கடைசிக் கிளினிக்கிலிருந்து இறங்கும் திருப்பத்தில் ஒரு சாம்பல் நிறக் கார் காற்று படும்படி உரசிக்கொண்டு போய் சிக்னலில் நின்றது. அவள் இறங்கினாள். பத்து மூச்சு. பெட்டியைத் திறந்து குழாய்களைப் பார்த்தாள். பழைய விதி அதோடு முடிந்தது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பெட்டி குலுங்காத அந்த நடையில், காரின் ஜன்னல் வரை போனாள். கண்ணாடியில் விரலால் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. அவள் உள்ளே இருந்த முகத்தை நேராகப் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். தூக்கம் போதாத கண்கள். சண்டைக்கு ஏற்கெனவே தயாராகியிருந்த வாய்.

"என்னம்மா, என்ன இப்போ?"

"சண்டைக்கு வரலைங்க. இந்தப் பெட்டியில பதினோரு பேரோட ரத்தம் இருக்கு. நான் விழுந்தா அவங்களை மறுபடி குத்தணும். உங்க கண்ணாடிக்கும் என் கைக்கும் நாலு விரல்தான் இடைவெளி இருந்தது. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தயாராக இருந்த வாய் திறந்தபடியே நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், பிறகு, முதல்முறையாக, அவள் முகத்தைப் பார்த்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. சிக்னல் பச்சையாகியும் கார் நகரவில்லை.

அவள்தான் முதலில் கிளம்பினாள். அன்று சுழற்றிய பதினோரு குழாய்களிலும் நீர் வைக்கோல் நிறத்தில் நின்றது.