பாதியில் நின்ற கல்யாண டிவிடி

திருவரங்குளத்தில் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். மகள் கல்யாணத்துக்கு வர முடியாமல் போன குவைத் தகப்பனுக்கு, அன்று மதியம் கிளம்பும் சொந்தக்காரர் கையில் டிவிடி கொடுத்தனுப்ப வேண்டும். தகப்பன் தங்கும் கேம்ப்பில் நெட் இழுவை. முழுக் கல்யாணமும் அடங்கட்டும் என்று டபுள் லேயர் டிவிடி போட்டேன். முதல் லேயர் முடிந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் நின்றுபோனது. மூன்று டிவிடி அதே இடத்தில் பாழ். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

டிவிடி விற்ற புதுக்கோட்டை பாயைப் போனில் பிடித்தேன்.

"குப்பையத் தலையில கட்டிட்டீங்களே பாய்!"

மனுசன் எதிர்ப்பேச்சு பேசாமல் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் முன்னாலேயே நாலாவதை எடுத்து, வழக்கம்போல் மேல்பக்க ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்தேன். பாய் தயங்கினார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. ஓரத்துல இம்புட்டு கனம் இருந்தா, சுத்துறப்ப ஆடாதா? பொட்டக் கவருக்கு வைங்களேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாய் பொட்டில்லாத வேறொன்று போட்டு, பதியும் வேகத்தையும் குறைத்தார். முழுசாகப் பதிந்தது.

கெடுத்தது பொட்டா, வேகமா? இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. மன்னிப்புக் கேட்க அன்று வாய் வரவில்லை. சந்தனக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். கவருக்குப் பொட்டு வைத்தது பாயின் விரல்தான்.