வாசலில் இரண்டு வட்டங்கள்

பென்னி ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் குப்புறப் படுத்துவிடுகிறார். செருப்பைக் கேட்டுக்கு வெளியே விட்டு, ஹாலின் நடுவில் ஒரு கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்த அன்று, பால் பாக்கெட்டோடு வந்த என் மனைவி மிருதுளா, "ஐயோ, விழுந்துட்டாரா?" என்று கத்தியே விட்டாள்.

"விழல மேடம். பாத்துகினு கீறேன்" என்றார் பென்னி, எழுந்திருக்காமலே.

ஊரப்பாக்கத்துக்காரர். வயது நாற்பத்தேழு. மார்பிள், கிரானைட், மொசைக் எதுவானாலும் பாலிஷ் போடுவார். இரண்டு முழங்காலிலும் பழைய லாரி டியூபை வெட்டிக் கட்டியிருக்கிறார். மெஷின் எட்டாத மூலை முடுக்குகளை மண்டியிட்டுக் கையால்தான் தேய்க்க வேண்டுமாம். "மெஷின் பாதி, முட்டி பாதி சார்" என்று தட்டிக் காட்டினார். டீ கொடுத்தால் நின்றபடியே குடிக்கிறார். கிளாஸை எந்த வீட்டுத் தரையிலும் வைக்க மாட்டார். குடித்து முடிக்கும்வரை கையிலேயே இருக்கும்.

சட்டைப்பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம். அதைக் கீறி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு சொட்டு விட்டார். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தபோது அங்கே பொட்டு அளவுக்குப் பளபளப்பு போயிருந்தது. "ஒரிஜினல் மார்பிள்தான் சார். கிரானைட்டா இருந்தா அசையாது. இதுக்குப் புளிப்பு ஆவாது, பட்ட எடம் செத்துப்பூடும்" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மகள் அனுப்பிரியாவின் நிச்சயதார்த்தத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. என் கவலையெல்லாம் வாசலைப் பற்றி.

வாசல்படிக்கு வலதுபக்கம் ஒன்று, இடதுபக்கம் ஒன்று என வெளிறிப்போன இரண்டு திட்டுகள். மார்பிள் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும்.

மெஷினை மாட்டுவதற்கு முன் பென்னி கேட்டார்: "தொடைக்கறது யாரு?"

எந்த வீட்டிலும் இதைக் கேட்காமல் அவர் வேலையைத் தொடங்குவதில்லையாம். வேலை முடிந்ததும் தரையை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க மாட்டார். துடைப்பவரைக் கூப்பிட்டு, எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்று சொல்லித்தான் ஒப்படைப்பார். "நீங்க நடக்கறதோட சரி சார். அவங்கதான் அத வெச்சுக் காப்பாத்தணும்."

"வேலைக்காரம்மாவை நிறுத்திட்டோம்" என்றேன். "பாத்ரூம் ஆசிடை ஊத்திக் கல்லையே பாழ் பண்ணிட்டாங்க."

எல்லம்மா எங்கள் வீட்டில் பதினோரு வருடம் வேலை செய்தவர். ஒரு நாள் காலையில் அந்தத் திட்டின் மேல் குனிந்து, மூச்சு வாங்கத் தேய்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். பக்கத்தில் வாளியும் ஆசிட் பாட்டிலும். போதாதா? "நான் ஊத்தல சார்" என்று நாலு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் 'எல்லோரும் எச்சரிக்கையாக இருங்கள்' என்று பேர் போட்டு எழுதினேன். அடுத்த வாரமே மற்ற இரண்டு வீடுகளிலும் அவரை நிறுத்திவிட்டார்கள்.

பென்னி வாசலுக்குப் போய்ப் படுத்தார். விரல் நுனியால் திட்டைச் சுற்றி வந்தார்.

"ஆசிட்னா ஓடும் சார். ஜாயிண்ட்டைத் தின்னும். இது ஓடல. ஒரே எடத்துல வட்டமா குந்திகினு கீது. ஒரு வாட்டி இல்ல, வட்டத்து மேல வட்டம்." ஈரத்துணியை அழுத்தித் தேய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். துணியில் இளஞ்சிவப்பு. "ஆசிட்ல குங்குமம் இருக்குமா சார்?"

பிறகு பையிலிருந்த பழத்தை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை வட்டத்தின் மேல் கவிழ்த்தார். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.

ஒவ்வொரு அமாவாசையும் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக வைப்பது நான். இந்த வேலையை மட்டும் யாரிடமும் விட்டதில்லை. புது மார்பிளுக்குக் கண் பட்டுவிடுமோ என்று சாறு சொட்டச் சொட்ட வைத்தேன்.

"நான் சர்ச்சுக்குப் போறவன் சார். திருஷ்டி பத்தி எனக்கு இன்னா தெரியும்? பழத்தப் பத்தித் தெரியும்" என்றார் பென்னி.

மிருதுளா என்னையே பார்த்தாள். "குரூப்ல போட்டது நீங்கதானே?" என்றாள்.

மறுநாள் மதியத்துக்குள் ஹால் முடிந்தது. ஜன்னல் கம்பிகள் தரையில் தெரிந்தன. வாசலில் வலது வட்டம் இருந்த சுவடே இல்லை. இடது வட்டத்தைத் தொடவில்லை. அதன் மேல் தன் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார் பென்னி.

"அந்தக்கா வந்து பாக்கட்டும். ஒப்படைக்காம நான் போ மாட்டேன்."

மூன்று முறை போன் செய்தேன், எல்லம்மா எடுக்கவில்லை. மிருதுளா வண்டியை எடுத்துக்கொண்டு போய், நாலு மணிக்கு அவரைக் கூட்டிவந்தாள். வாசல்வரை வந்தவர் படியேறாமல் நின்றார். பென்னி வாளியைத் தூக்கினார்.

"எல்லம்மா, அது ஆசிட் இல்ல. நான் வெச்ச எலுமிச்சம்பழம்" என்றேன்.

அவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறுநா காலைல அந்தப் பழத்த எடுத்துப் போட்டதே நான்தானே சார். கறை மாரி தெரிஞ்சுது. நீங்க திட்டுவீங்கன்னு வெறும் தண்ணிய ஊத்தித் தேய்ச்சுகினே இருந்தேன். போவல. பாட்டில் பாத்ரூமுக்கு எடுத்துகினு போனது." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மத்த ரெண்டு வூட்லயும் நீங்களே வந்து சொல்லணும் சார். போன்ல வோணாம்."

"வரேன்" என்றேன். பேச்சை மாற்றுவதற்காகப் பென்னியிடம், "இதையும் முடிச்சிடுங்களேன்" என்றேன்.

பென்னி மெஷினைத் தொடவில்லை. எல்லம்மாவின் காலுக்கு முன்னால் இருந்த அந்த வட்டத்தின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். தேய்க்கும் கல்லை அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு உட்கார்ந்து, முழங்காலில் கட்டியிருந்த டியூபை ஒவ்வொன்றாக அவிழ்த்து, இரண்டையும் என் பக்கமாகத் தள்ளினார்.