அண்ணன் வாங்கிய பொம்மைகள்

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால் மணி. நவராத்திரியின் நாலாம் நாள், சனிக்கிழமை. நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் ஆயுத பூஜைக்காக பீரோக்களை நகர்த்தித் துடைத்துக்கொண்டிருந்தோம். போனை எடுத்த சூப்பிரண்டெண்ட் ரிசீவரை என்னிடம் நீட்டவில்லை. கையால் மூடிக்கொண்டு, "மகேஸ்வரி, நீ முதல்ல உட்காரும்மா" என்றார்.

என் அண்ணன் ஆறுமுகசாமி பாக்டரியில் லோடு இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நான் மைசூரின் இன்னொரு கோடியில் இருக்கும் குவெம்புநகருக்கு ஆள் அனுப்பினேன். அண்ணனின் ஒரே மகள் மனிஷா அங்கேதான் வளர்கிறாள். ஏழு வயது. அண்ணன்தான் தன் அப்பா என்பது அவளுக்குத் தெரியாது.

அண்ணி அஞ்சலை மஞ்சள் காமாலையில் போனபோது மனிஷா கைக்குழந்தை. அண்ணன் ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போகிறவர். நான் பி.ஏ. கடைசி வருஷத்தில் இருந்தேன். அண்ணியின் அக்கா சுலோசனா வந்து, "பால் மறக்கிற வரைக்கும் நான் வச்சுக்கறேன்" என்று தூக்கிக்கொண்டு போனார். அவருக்குப் பிள்ளை இல்லை. கணவர் ரோடு காண்ட்ராக்டர். குழந்தை பால் மறந்தது. நடக்கட்டும் என்றார்கள். நடந்தது. பேச்சு வரட்டும் என்றார்கள். பேச்சு வந்தபோது மனிஷா அவர்களைத்தான் அம்மா, அப்பா என்றாள், அதுவும் கன்னடத்தில். பள்ளிக்கூடத்திலும் அவர்கள் பெயரைத்தான் கொடுத்தார்கள்.

"பிஞ்சு மனசு ஆறுமுகம். இப்பவே சொல்லி கலிபிலி பண்ணிக் கொழப்ப வேணாம். வெவரம் தெரிஞ்சதும் நானே சொல்றேன்" என்றார் சுலோசனா அக்கா.

அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். நான் கோபப்பட்டால், "பெரிய வீட்ல வளருது அம்மிணி, வளரட்டும். சொல்றேன்னு அவங்க வாயாலயே சொல்லியிருக்காங்க, அப்பறம் என்ன?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் அவருக்கு விட்டுவைக்கப்பட்டது. அந்த ஒரு மாலைக்காக அவர் வாரம் முழுவதும் சாமான் தேடினார்.

கடைத்தெருவில் அண்ணனுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. அவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டார். விற்காது என்று கடைக்காரர்கள் ஒதுக்கி வைத்திருப்பதைக் காட்டச் சொல்வார். தேவராஜ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், சின்ன மணிக்கூண்டுக்கு எதிரே, கெம்பையன் என்பவர் சன்னப்பட்டணத்து மரப் பொம்மைகளை விரித்திருப்பார். மேலே பரப்பியிருக்கிற பொம்மைகளை அண்ணன் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். சாக்கின் அடியில் கையை விடுவார். சாயம் ஓடியது, சக்கரம் ஒருபக்கம் சாய்ந்தது, மூக்கு சிறுத்துப்போனது எல்லாம் அங்கே கிடக்கும்.

"ஏன் சாமி, நல்லது ஒண்ணு எடுத்தா கை ஒடிஞ்சா போயிடும்? என் குப்பை எல்லாம் நீயே சுமக்கறே" என்பார் கெம்பையன்.

"குப்பைய எடுத்தா ஒண்ணுக்கு மூணு வருதுங்கோ."

"மூணும் மூணு பக்கம் உருளும்."

"எங்க ஊட்டுப் பிள்ள மாதிரி" என்று அண்ணன் சிரிப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ந்த தாழை ஓலையால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவார். வேலை முடிந்தால் புதுப் பொம்மை எது, சாக்கடியில் கிடந்தது எது என்று எனக்கே அடையாளம் தெரியாது. தசரா பொருட்காட்சி முடிகிற நாளன்று லீவு போட்டுவிட்டுப் போவார். ஸ்டால்காரர்கள் மூட்டை கட்டும் நேரம். திரும்பிச் சுமக்க மனமில்லாத சாமான் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை காது போன கழுதை ஒன்றும், கழுதை இல்லாத வண்டி ஒன்றும் வேறு வேறு ஸ்டாலில் வாங்கிவந்து பூட்டினார். பெயிண்ட் அடித்ததும் அவை ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை போல நின்றன.

தின்பண்டமும் அப்படித்தான். பேக்கரியில் உடைந்த நிப்பட்டு, நொறுங்கிய கோடுபளே, தட்டின் ஓரத்தில் தங்கிய காரக்கடலை. "உள்ள போனா எல்லாம் ஒடஞ்சுதானே போகுது" என்பார்.

அந்த வீட்டில் மனிஷாவுக்கு அதைக் கொடுத்ததில்லை. அது அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அங்கே வேலை செய்யும் தேவம்மா ஒருநாள் கேட்டில் வைத்து வெள்ளை மனசாகச் சொன்னாள். "போன வாரம் கோடுபளே பாரீ ருசிண்ணா. என் மக்கள் ரெண்டும் அடிச்சுக்கிச்சு." அண்ணன் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். அடுத்த வாரம் பொட்டலம் பெரிதாக இருந்தது. தேவம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள்.

எங்கள் சாதியில் கொலு வைக்கிற வழக்கம் கிடையாது. சுலோசனா அக்கா குவெம்புநகருக்குக் குடிபோன பிறகு, அக்கம்பக்கத்து மைசூர்க்காரர்களைப் பார்த்து வைக்க ஆரம்பித்தார். நடுவில் சந்தனமரத்தில் செய்த ராஜா ராணி, சுற்றிலும் படிப்படியாகப் பொம்மைகள். மனிஷாவுக்கு நாலு வயதாகும்போது அண்ணன் ஒரு மர மேளக்காரனைக் கொண்டுபோனார். அக்கா அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சென்னாகிதே, நல்லாருக்கு ஆறுமுகம். இது கைல குடுத்து ஒடைக்கற பொம்மை இல்ல. படியில வைக்கறேன்" என்றார்.

அண்ணன் அதைத் தன் மகளுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் தேடியதெல்லாம் படிக்கான பொம்மைகள். மேளக்காரனுக்குத் துணையாக நாகசுரக்காரன், தாளக்காரன், பின்னால் ஒரு கல்யாண ஊர்வலம், யானை, சாரட்டு. அந்த வீட்டில் படியேறிய பொம்மையை யாரும் தொடக்கூடாது. பத்து நாள் நிற்கும். பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். அண்ணன் வாங்கிய ஒரு வண்டியும் மனிஷா கையில் ஒருநாளும் உருண்டதில்லை.

"உம் புள்ள வெளையாடறதுக்கு வாங்கறியா, அவங்க வீட்டுப் படிக்கு வாங்கறியா?" என்று கேட்டேன்.

"பொட்டில பத்திரமா இருக்கும் அம்மிணி. நாளைக்கு வெவரம் தெரிஞ்சு, எங்கப்பன் குடுத்ததுன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கும்."

மகளிர் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக வந்து கொலு பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். சுலோசனா அக்காவுக்கு இரண்டு வருஷம் பரிசு வந்தது. இத்தனை பொம்மை எங்கே பிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால் மனிஷா முந்திக்கொண்டு பதில் சொல்வாள். "நம்ம பொம்மை மாமா தருவாரு." வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனைக் கையால் காட்டுவாள். அவர் எழுந்து நின்று கும்பிடுவார்.

இந்த வருஷம் கொலு வைப்பதற்கு முன் அக்கா தானாகவே சொன்னார். "விஜயதசமி முடியட்டும். லீவுல ஒரு வாரம் ஒங்க வீட்டுக்கு அனுப்பறேன். அங்க வச்சு நீயே பக்குவமாச் சொல்லிக்க." அண்ணன் அதைக் கேட்டுவிட்டு வந்தவர் சாப்பிடவே இல்லை. "என்னன்னு அம்மிணி சொல்றது? நாந்தான் அப்பன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னா சிரிக்குமா?" என்று என்னிடம் ஒத்திகை பார்த்தார். ஏழு வருஷம் காத்திருந்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

நான் அனுப்பிய ஆள் திரும்பியபின் அக்காவும் கணவரும் காரில் வந்தார்கள். மனிஷா இல்லை. அக்கா உடலுக்குத் தள்ளியே நின்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பிள்ள எங்கக்கா?"

"வீட்ல பொம்மை வச்சிருக்குல்ல மகேஸ்வரி. இங்க எல்லாம் கூட்டியாந்தா எப்படி?"

"அப்பன் செத்துருக்காருக்கா."

"மெல்லப் பேசு" என்றார். "எனக்கு அவரு தங்கச்சி வீட்டுக்காரரு. ஒரு முழுக்குப் போட்டா என் தீட்டு போயிடும். கொளந்தைக்குச் சொன்னா அவளுக்குத் தீட்டு. தீட்டுக்காரி கொலு இருக்கற வீட்ல எப்படி இருப்பா? நீயே சொல்லு."

"அதுக்குத்தான் இங்க கூட்டியாரச் சொல்றேன்."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார். எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. மனிஷாவுக்குத் தீட்டு என்று ஒப்புக்கொண்டால் அன்றே அவளை அந்த வீட்டிலிருந்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அண்ணன் சாக்கடியிலிருந்து பொறுக்கி எடுத்து, ஓலையால் தேய்த்துக் கொண்டுபோய் நிறுத்திய பொம்மைகள்தான் அவளை அங்கே பிடித்துவைக்கக் காரணமாக நின்றன.

"விளக்கு வைக்கற நேரத்துக்கு ஆளுங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டு அக்கா காரில் ஏறினார். கொள்ளேகாலத்திலிருந்து வந்த பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான்.

மூன்றாம் நாள் பால் தெளித்து முடிந்த அன்று மாலை நான் குவெம்புநகருக்குப் போனேன். சாவு வீட்டுக்காரி கொலு வீட்டுக்குள் போகக்கூடாது. கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றேன். ஜன்னல் வழியாகச் சீரியல் விளக்குகள் மினுங்கின. குங்குமம் வாங்கிக்கொண்டு இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களை வழியனுப்ப வந்த சுலோசனா அக்கா என்னைப் பார்த்ததும் நின்றார். அவர் இடுப்பை ஒட்டிக்கொண்டு மனிஷா. பட்டுப் பாவாடை, தலை நிறைய மல்லிகை. நெற்றி அண்ணனுடையது. அதைப் பாராமல் இருக்க முடியவில்லை.

"பொம்மை மாமா யாக்கே பந்தில்ல?" என்று என்னிடம் கேட்டாள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பொம்மை மாமா ஏன் வரவில்லை என்று கேட்கிறாள்.

"மாமா ஊருக்குப் போயிட்டாரு கண்ணு" என்றார் அக்கா.

"இல்ல. செத்துப்போயிட்டாரு" என்றேன் நான்.

குழந்தை என்னைப் பார்த்தது. பிறகு திரும்பி உள்ளே எரிகிற விளக்கைப் பார்த்தது. கொலு வீட்டில் வளர்கிற பிள்ளை, எதை எப்போது தொடலாம், யார் எப்போது உள்ளே வரலாம் என்பதெல்லாம் தெரிந்துவைத்திருந்தது.

"அப்போ நமக்கு சூத்தகாவா அம்மா? பொம்மையெல்லாம் எடுக்கணுமா?"

"சே சே. நமக்கெல்லாம் தீட்டு இல்ல புட்டிம்மா. அவரு நமக்கு யாரு? பொம்மை கொண்டுட்டு வர்றவரு, அவ்வளவுதானே."

"உனக்கு உண்டு மனிஷா" என்றேன்.

அக்கா அவள் தோளில் கையை வைத்துத் திருப்பினார். "பைத்தியம் மாதிரிப் பேசாத. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுப் போய்ப் படு" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மனிஷா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் சொன்னது புரிந்து பார்த்தாளா, அழுக்குச் சேலையில் ஒருத்தி தெருவில் நிற்கிறாளே என்று பார்த்தாளா தெரியாது. வராந்தா விளக்கைக் கூட அணைத்துவிட்டார்கள்.

காரியத்துக்கு அந்த வீட்டிலிருந்து தேவம்மா மட்டும் வந்தாள். அந்த வருஷமும் பரிசு அந்த வீட்டுக்குத்தான் என்றாள். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு. கல்யாண ஊர்வலத்தைத்தான் எல்லோரும் நின்று பார்த்தார்களாம். மனிஷா மறுபடி கேட்டாளா என்று விசாரித்தேன். ஒருதரம் கேட்டாள் என்றும், லீவுக்கு அவளை பெங்களூருக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றும் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்த அதே வாரம். வருஷம் திரும்புவதற்குள் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறார்களாம். அது எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

தேவம்மா போனபிறகு, பாக்டரியிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்த அண்ணனின் சைக்கிளை நனையாமல் இருக்கட்டும் என்று உள்ளே தள்ளினேன். பின் கேரியருக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்துக் கட்டியிருந்தார். உட்காருகிற பிள்ளை சக்கரத்துக்குள் காலை விட்டுக்கொள்ளாமல் இருக்க, பழைய சாமான் கடையில் கால் வைக்கிற படி ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். இடது பக்கத்துப் படியை ஆக்சிலில் வைத்து நட்டு முடுக்கியிருந்தார். வலது பக்கத்துப் படி ஹேண்டில்பாரில் தொங்கும் பையில், நட்டோடு காகிதத்தில் சுற்றியபடி கிடந்தது. அதை அவர் இன்னும் பூட்டியிருக்கவில்லை.