கோட்டுக்கு வெளியே நின்ற குதிரைக்காரன்

"நிறுத்துப்பா, அங்கியே நிறுத்து!" என்று மதாம் கத்தினார். நான் சினிமா மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவதை விட்டுவிட்டேன். பதினொரு வருஷம் ஆப்ரேட்டராக இருந்தவன் செய்யக்கூடாத தப்பு அது. விளக்கு எரியும்போது பிலிம் ஓடாமல் நின்றால் கருகும். சுவரில் தெரிந்த மனிதரின் தோளில் பழுப்பாக ஒரு பொட்டு வந்தது, கொப்பளித்தது, ஓட்டையானது.

பிள்ளைகளே, அப்போது எனக்கு வில்லியனூர் டென்ட் கொட்டகையில் வேலை. மதாம் என்று ஊரார் பிரெஞ்சில் அழைத்தது ஒரு தமிழ்ப் பெண்மணியைத்தான். அவர் கணவர் பாரசீகத்தில் பிரெஞ்சு கான்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து அங்கேயே இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. மதாம் அங்கிருந்து கொண்டுவந்தவை அந்த நாட்டு ஓவியம் ஒன்றும், கையால் சுற்றும் சின்ன சினிமா மெஷினும், ஒரே ஒரு பிலிமும். அதில் கணவர் தோட்டத்தில் நடந்து வருவார், கையாட்டிக்கொண்டே ஃபிரேமின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடுவார். அவ்வளவுதான்.

மெஷின் ரிப்பேர் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். சரிசெய்து, பட்டப்பகலில் ஜன்னல்களைச் சாத்தி, மோட்டார் பேட்டரியில் விளக்கைப் போட்டேன். முதல் தடவை ஓடியதும் மதாம் சிரித்தார்.

"உசுரோட இருந்தப்பவும் இப்டித்தான். சொல்லாம கொள்ளாம வெளிய போயிடுவாரு."

இரண்டாம் தடவை கணவர் ஓரத்துக்கு வந்தபோதுதான் அந்தக் கத்தல்.

"இன்னாப்பா ஆச்சு? எங்க அவுரு?"

மெஷின்மேல் பழி போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. "எரிச்சுட்டேம்மா. என் தப்பு" என்றேன்.

கருகியதையும், ஒட்டுவதற்காக அதன் பக்கத்து ஃபிரேம்கள் சிலவற்றையும் வெட்டி, பிலிமை ஒட்டி ஓட்டிக் காட்டினேன். இப்போது கணவர் நடந்து வந்தார், கை தூக்கினார், சட்டென்று காணோம். வெறும் தோட்டம்.

"போறதுகூட தெரியலியே" என்றார் மதாம்.

என்னால் மதாமின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு ஓவியத்தைப் பார்த்தேன். பொன் கோட்டால் கட்டம் போட்டு, அதற்குள் மலை, மான்கள், வேட்டைக்கு வந்த ராஜா. ஒரு குதிரையின் பின்பாதியும் அதைப் பிடித்த ஆளும் மட்டும் கோட்டைத் தாண்டி வெறும் காகிதத்தில் நின்றார்கள்.

"வரைஞ்சவன் எடம் பத்தாம தப்பு பண்ணிட்டானோ?" என்று பேச்சை மாற்றினேன்.

"எல்லாரும் ஒன்ன மாதிரியா? தெரிஞ்சேதான் வரைஞ்சிருக்கான். கோட்டத் தாண்டிப் போனவன் அங்கியேதானே நிக்கிறான், பாரு."

எங்கள் தொழிலில் அப்படி இல்லை. திரையில் தலை வெட்டுப்பட்டால் ஜனங்கள் "தலயக் காட்டுடா" என்று கூச்சல் போடுவார்கள், ஃபிரேமைத் திருகிக் கொண்டுவந்துவிடலாம். ஓரத்தைத் தாண்டி நடந்து போனவரை எதைத் திருகியும் கொண்டுவர முடியாது.

மதாம் ஓவியத்தை இறக்கச் சொன்னார். நான் வெட்டிப் போட்டதில் கருகாத ஃபிரேம் ஒன்று, நகத்தளவு இருக்கும், அதில் கணவர் கையாட்டிக்கொண்டிருந்தார். அதை ஓவியச் சட்டத்தின் கண்ணாடிக்குள் செருகினார். கோட்டுக்கு வெளியே, குதிரைக்காரன் பக்கத்தில்.

"இனிமே ஓட்ட வாணாம். மெஷின நீயே எடுத்துக்கினு போ."

விளக்கை மூடாமல் மெஷினை நிறுத்தக் கூடாது. அன்று நான் கற்ற பாடம் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

நீங்கள் மூவரும் சைகோனுக்குக் கப்பலேறக் கிளம்பிய அன்று, ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகும் வில்லியனூர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். மறுநாள் உங்கள் போட்டோவைச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் கத்தியை எடுத்து, "ஓரத்துல சும்மா வெள்ளையாக் கெடக்குது, வெட்டிடட்டா?" என்றார்.

வேண்டாம், ஆள் நிற்கிற இடம் அது என்று சொல்லிவிட்டேன்.