செவலையின் கயிறு

எதிர்வீட்டில் நெல் ஏற்ற வந்த மினி லாரியின் பின்பலகை தடாலென்று இறங்கியது. அப்பாவை அழைத்துப் போகக் காரோடு வாசலில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றும் இதே சத்தம்தான். அண்ணன் துபாய்க்குக் கிளம்பப் பணம் தேவைப்பட்ட சமயம். மாடுகளோடே காலம் கழித்தவர் அப்பா. ஆனாலும் செவலைப் பசு என் பின்னால்தான் வரும்.

"மாட்டாஸ்பத்திரிக்குப் போறோம். நீ முன்னாடி ஏறிக் காட்டும்மா, அதுவும் ஏறிடும்" என்றார் அப்பா.

நான் லாரியில் ஏறினேன். செவலையும் என்னை நம்பி ஏறியது. அப்பா அதன் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து என் கையில் திணித்தார். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். அதன் கழுத்துச் சூடு ஆறாத கயிற்றைப் பிடித்தபோதுதான், விற்றுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

இப்போது அண்ணன் தன் பெயரிலிருந்த இந்த வீட்டை விற்றுவிட்டான். அப்பாவிடம் சொல்லவில்லை. "நீ கூப்பிட்டாதான் வருவாரு" என்று போனில் என்னிடம் சொன்னான்.

நான் காரில் ஏறிக்கொண்டு, "ரெண்டு நாள் எங்க வீட்ல இருந்துட்டு வரலாம், வாங்கப்பா" என்றேன்.

அப்பா காலி மாட்டுக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ ஏறிக் காட்ட வேணாம்மா. நானே ஏறிக்கிறேன்."