தங்கூசி கட்டிய பேஸ் கிட்டார்

எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவிலிருந்து என்னை யாரும் துரத்தவில்லை. மைக்கை மட்டும் மாதத்துக்கு ஓர் அடி நகர்த்தி வைத்தார்கள். 2009 வாக்கில் அது பெண்கள் வரிசைக்கே போய்விட்டது. குழுவை நடத்திய டீச்சர் ஒருநாள் மெதுவாகச் சொன்னார்:

"அண்ணே, பாட நெறய பேரு இருக்காவ. நீங்க ஏதாவது கருவி வாசிப்பியளா?"

நாற்பத்திரண்டு வயதில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே கருவி சைக்கிள் பெல். ஆனாலும் "பேஸ் கிட்டார் வாசிப்பேன்" என்றேன். நாலே கம்பி, ஒரு நேரத்தில் ஒரு சத்தம். என் அறிவுக்கு அது போதும் என்று தோன்றியது. திருவிழாக் கொடியேற்றத்துக்குள் வாசித்துக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் குழுவில் இடமில்லை. என் மனைவி அந்தக் குழுவில் பாடுகிறாள். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் பாடுவதை நான் கிட்டே நின்று கேட்பது. வீட்டில் அவள் என்னைத் திட்டுவதும் ஒருவகை ராகம்தான். என்றாலும் இது வேறு.

பக்கத்து ஊரான கொட்டாரத்தில், மஸ்கட்டிலிருந்து திரும்பிய ஒருவர் கட்டிலுக்கடியில் போட்டிருந்த கிட்டாரை வாங்கினேன். நாலு கம்பியும் துரு. தொட்டால் விரல் காவியாகும். கடல்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல், கேட், கத்தி எல்லாம் இப்படித்தான் போகும். துருப்பிடிக்காத சாமான் எங்கள் ஊரில் தங்கூசிதான், தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பு. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிற மச்சினனிடம் கேட்டேன்.

"எந்த மீனுக்கு மச்சான்?"

"நாலு மீனுக்குக் குடு மக்கா. மெலிசுலேந்து தடிமன் வரைக்கும்."

சூரை, பாரை, நெய்மீன், சுறா என்று நாலு பருமனில் வெட்டி, தூண்டில் முடிச்சே போட்டுக் கட்டித் தந்தான். "இதுல சுறாவே தப்பாது மச்சான். பாட்டு எங்க போவும்?"

வயிற்றோடு அணைத்துத் தட்டினால் தும் தும் என்றது. வயிறும் சேர்ந்து ஒலித்ததோ என்னவோ. சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் வீட்டில் கிடையாது, கோயிலில்தான் இருந்தது.

ஒத்திகையில் வயரைச் சொருகி, கண்ணை மூடி, சுறாவை மீட்டினேன்.

"தொடங்குங்க அண்ணே."

"தொடங்கியாச்சு டீச்சர்."

கீபோர்டுக்காரர் ஆம்பில் காதை வைத்தார். "கொசு மாதிரி இரையுது. பாட்டு ஒண்ணும் வரல." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அது சிரிப்பைவிட மோசம்.

"அடுத்த ஞாயிறு பாப்போம் அண்ணே," என்றார் டீச்சர். "அதுக்குப் பெறவு கொடியேத்தம்."

நாகர்கோவில் இசைக்கருவிக் கடைக்காரர் கிட்டாரைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இத வச்சு மீனா பிடிக்கப் போறிய அண்ணாச்சி? நடுவுல இருக்கது காந்தம். இரும்புக் கம்பி அதிர்ந்தாத்தான் அதுக்குத் தெரியும். நைலான் தெரியாது."

நான் ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்க்கிறவன். இருபது வருடமாகக் காந்தம்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

கம்பியில் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் மேலே சுற்றியிருப்பது உருண்டைக் கம்பி. "இது பளிச்சுன்னு பேசும். ஆனா இடுக்குல உப்பு பிடிக்கும்." மற்றதில் சுற்றியிருப்பது பட்டைக் கம்பி. "இது வழவழன்னு இருக்கும். சத்தம் அடங்கித்தான் வரும். எது வேணும்?"

"அடங்கினதே குடுங்க." தப்பு செய்தால் பளிச்சென்று கேட்கக்கூடாதே.

புதுக் கம்பியை முறுக்கியதும் கிட்டாரின் கழுத்து வில்லாக வளைந்தது. கடைக்காரர் சொன்னபடி கழுத்துக்குள் இருக்கிற கம்பியைச் சாவியால் கால் சுற்று திருகி, ஒருநாள் பொறுத்தேன். நிமிர்ந்தது. மிச்சமிருந்தது ஒரு சோதனை. கம்பியைச் சும்மா மீட்டினாலும், பாதி நீளத்தில் அழுத்தி மீட்டினாலும், மேலும் கீழுமாக ஒரே சுரம் வரவேண்டும். அதற்குக் காது வேண்டும். வீட்டில் காது உள்ளவள் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப?"

"மேல கொஞ்சம் கூடுதலு."

கம்பியின் அடிப்பக்கத் திருகாணியைத் திருகினேன். "இப்ப?"

"கொறஞ்சு போச்சு. ஒங்களுக்கு இது கேக்கவே இல்லியா?"

"கேட்டா நான் ஏன் ஏட்டி இந்த நெலமைல இருக்கேன்?"

கத்தியும் கையுமாகச் சிரித்தாள். பிறகு மீன் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, கையைக் கழுவி, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குக் குழம்பு சாயங்காலம்தான் கொதித்தது. கிட்டார் மத்தியானமே ஒத்துவந்துவிட்டது.

ராத்திரிதோறும் ஒரே பாட்டை விரலுக்குப் பழக்கி, ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். ஆம்ப் பேசியது. இரண்டு இடத்தில் தப்பு விட்டேன், அதுவும் அடக்கமாகத்தான். பாட்டு முடிந்ததும் டீச்சர் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. திருவிழாப் பாட்டுகளின் பட்டியலை என்னிடம் நீட்டினார்.

"பத்து நாளும் வருவியளா அண்ணே? நடுவுல நின்னுட்டா பாட்டு விழுந்துரும்."

நான் பதில் சொல்லுமுன் என் மனைவி முந்திக்கொண்டாள். "அவிய வருவாவ டீச்சர். சுருதி சேத்துக் குடுக்க நான் இருக்கேன்லா."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்து கெடுப்பானேன்?